போட்டி என்ற தலைப்பின் கீழ்

குழாயடியில் ஒரு பெண்ணின் மண்டை உடைந்த நொடியில்தான் எனக்கு அந்தத் தொழில் தோன்றியது. உடைத்தவள் என் அக்கா.

பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் வரிசை முழுவதற்கும் ஒரே குழாய். அதுவும் காலையில் கொஞ்ச நேரம் இருமிவிட்டு நின்றுவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மூன்றாவது குடத்தையும் வாளியில் கவிழ்த்து ஆட்டுக்குடலை அலசிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு மதினி தண்ணீர் பிடிக்கிற அலுமினிய ஹண்டாவோடு பின்னால் நின்றாள்.

"ஊரே குடிக்கத் தண்ணியில்லாம நிக்கி. மகாராணி ஆட்டுச் சாணியக் குளிப்பாட்டுதா."

"நிக்க முடியாதவ வீட்டுக்குப் போ."

மதினி போகவில்லை. வாளியைக் காலால் எத்தினாள். கழுவிய குடல் அத்தனையும் வழுக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது. அக்கா நிமிர்ந்தாள். கையிலிருந்த பித்தளைக் குடத்தை ஒரு சுற்றுச் சுற்றி மதினியின் நெற்றியோரத்தில் இறக்கினாள். கோயில் மணி அடித்த மாதிரி இருந்தது. மதினி அப்படியே உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே அக்காவின் கொண்டையைப் பிடித்துத் தரையோடு இழுத்தாள். நான் விலக்கப் போனேன். முதுகில் குத்து, தோளில் கடி. கடித்தது யார் என்று இதுவரை இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கும்பலுக்கு அடியில் கிடந்தபோது என் முகத்துக்கு நேராகச் சாக்கடையில் குடல் கிடந்தது. மதினியின் ரத்தம் அதன்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தேன். இந்தச் சனியன் கழுவியே வீட்டுக்கு வந்திருந்தால்? தண்ணீர் இல்லாத ஊரில் கழுவிய குடல் விற்றால்? லேபர் கேம்ப், தாராவி, சீத்தா கேம்ப், எத்தனை வீடு, எத்தனை சாப்பாட்டுக் கடை! மேலே அடி விழுந்துகொண்டே இருந்தது. எனக்கு உறைக்கவில்லை.

நான் பி.காம். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, அந்த அலுவலகச் சுவரைப் பார்த்தே நாள் கழித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சுவரில்தான் அறிவிப்பு ஒட்டியிருந்தது. படித்து வேலையில்லாதவர்கள் சொந்தத் தொழில் தொடங்கினால் வங்கி கடன் கொடுக்கும், கடனில் ஒரு பங்கு அரசாங்க மானியம், அதைத் திருப்பிக் கட்ட வேண்டாம். விண்ணப்பத்தோடு ஒரு திட்ட அறிக்கை இருக்க வேண்டும். மற்றவர்கள் மானியம் என்ற சொல்லைப் படித்துவிட்டுப் போனார்கள். நான் திட்ட அறிக்கை என்ற சொல்லில் மயங்கி நின்றேன். எழுதத்தானே வேண்டும்? எழுதிவிடலாம்.

மறுநாளே தேவ்நாருக்கு ஓடினேன். அக்காவின் வீட்டுக்காரருக்கு அங்கே ஆட்டு அறுப்புக்கூடத்தில் கைவண்டி தள்ளும் வேலை. அத்தான் வட ஆற்காட்டுக்காரர். தாராவியின் தோல் பட்டறைகளுக்கு வந்த குடும்பம். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணத்தில் இரண்டு பக்கமும் கம்போடு நின்றார்கள், பிறகு கம்புகளை அடுப்பில் வைத்தார்கள். அந்தக் கல்யாணத்தால் எங்கள் வீட்டுக்குள் ஒரு புதிய சொல் வந்தது. நாங்கள் குடல் என்போம். அத்தான் போட்டி என்பார். அவர்கள் பக்கத்தில் ஆட்டுக்குடலுக்கு அதுதான் பெயர். எங்கள் ஊர்க்காரனுக்குப் போட்டி என்றால் இன்னொருவனை முந்துவது, முந்த முடியாவிட்டால் மிதிப்பது. அக்கா முதலில் சிரித்தாள். பிறகு அவளே, "ஏலே, போட்டிக் கொளம்பு இருக்கு, தின்னுட்டுப் போ" என்று சொல்ல ஆரம்பித்தாள். நானும் பழகிவிட்டேன்.

நான் போன நேரம், அறுப்புக்கூட வாசலில் அத்தான் அடி வாங்கிக்கொண்டிருந்தார்.

தேவ்நாரிலிருந்து வெளியே வரும் குடல் முழுவதும் ஒரு சேட்டின் கைவண்டிகளில்தான் வரும். சேட்டை யாரும் அங்கே பார்த்ததில்லை. அவருடைய ஆளைப் பார்ப்பார்கள். கறி தூக்கும் இரும்புக் கொக்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நிற்பார். எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர். எங்கள் கேம்பில்தான் குடியிருந்தார். உள்ளே போய்க் குடலைத் தொடுகிற வேலை அவருக்குக் கிடையாது. வண்டி தாமதமானால் தள்ளுகிறவனைத் தொடுவதுதான் வேலை. அன்று அத்தானின் வண்டி சக்கரம் சேற்றில் இறங்கி நின்றுவிட்டது. கொக்கிக்காரர் கொக்கியின் மழுங்கிய பக்கத்தால் அத்தானின் தோள்பட்டையில் அடித்தார். வண்டி மாட்டை அடிப்பது போல, முகத்தில் கோபமே இல்லாமல். அத்தானும் மாடு மாதிரியே தோளைச் சிலிர்த்துக்கொண்டு தள்ளினார்.

வண்டியை விட்டு வந்தவரிடம் என் யோசனையைக் கொட்டினேன். நின்று கேட்டார்.

"இன்னா மச்சான், போட்டி கயுவறதுக்கு கவர்மெண்டு துட்டு குடுக்குமா?"

"குடுக்கும் அத்தான். வலுவா எழுதணும்."

"வலுவான்னா?"

"யாரு படிச்சாலும் இல்லன்னு சொல்ல முடியாதபடி."

அவர் என்னைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் நடந்தார். ஒரு பழைய மாட்டுக் கொட்டகை, தகரக் கூரை, உள்ளே ஒரு கிணறு. கோடையிலும் வற்றாதாம். சொந்தக்காரர் வாடகைக்குத் தரத் தயார். ஆனால் மழை பிடிப்பதற்குள் ஆள் வராவிட்டால் பழைய இரும்பு வியாபாரிக்குக் கொடுத்துவிடுவார். அத்தான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். அடி வாங்கிய தோளைத் தடவிக்கொண்டே, "இந்தத் தண்ணி எனக்கு கெட்ச்சா, அந்த நாயி மூஞ்சிய நான் இன்னொரு தபா பாக்க வாணாம் மச்சான்" என்றார்.

ஆக, அந்தக் கொட்டகை. மழைக்கு முன்னால். அதற்காகத்தான் எல்லாம்.

சந்தை விசாரணை என்று ஒரு பகுதி அறிக்கையில் இருக்க வேண்டும் என்று படித்திருந்தேன். முதல் ஆளாக எதிர்வீட்டு மதினியிடமே போனேன். நெற்றியில் கட்டோடு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, கழுவின குடல் வீட்டு வாசல்ல வந்தா வாங்குவியளா?"

"யாரு விக்கா?"

"நாங்கதான்."

"என் மண்டையப் பொளந்தவகிட்ட நான் குடல் வாங்கணுமோ? சொளவால போட்டேன்னா தெரியும்." சுளகை ஓங்கினாள். ஓங்கிய கையோடு கேட்டாள்: "சாணி வாடை இருக்காதுல்லா?"

"இருக்காது."

"அப்பம் ஞாயித்துக்கெழம குடு. ஆனா உங்க அக்கா கையால வாங்க மாட்டேன்."

இதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

முதல் படியை ஒரே மூச்சில் எழுதி, மாட்டுங்காவில் ஒரு தட்டச்சு நிலையத்தில் ஆங்கிலத்தில் அடித்து, வங்கிக்கு எடுத்துப் போனேன். கடன் பிரிவு அதிகாரி பாலக்காட்டுக்காரர். தமிழ்ப் பையன் என்று தெரிந்ததும் உட்காரச் சொன்னார். என்ன தொழில் என்று தெரிந்ததும் தன் சாப்பாட்டு டப்பாவை மேசையின் அந்தக் கோடிக்கு நகர்த்தினார்.

"தையல் மெஷினுக்குக் கேப்பா, ஆட்டோவுக்குக் கேப்பா. இது... பகவானே. சரி, குடு."

பென்சிலோடு படித்தார். முதல் வரியிலேயே நின்றார்.

"'புரட்சிகரமான'ன்னு ஆரம்பிச்சிருக்கியே, யார் தலையை வாங்கப் போறே? அடி அதை." அடித்தார். புரட்டினார். "டிமாண்ட்னு போட்டுட்டு ஒருத்திக்கு மண்டை ஒடஞ்ச கதை எதுக்கு?"

"அதுதான் சார் டிமாண்ட்."

என்னை ஒருமுறை பார்த்தார். அடிக்காமல் விட்டார். கடைசிப் பக்கம் வரை போய், திரும்ப முதலிலிருந்து தள்ளினார்.

"எல்லாம் இருக்கு. போட்டி எங்கேடா?"

"சார்?"

"போட்டி. ஒரு வரிகூட இல்லையே."

"முழுக்கப் போட்டிதான் சார். முதல் பக்கத்துலேர்ந்து கடைசி வரைக்கும் வேற எதைப் பத்தியுமே எழுதலை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "காம்பெடிஷன்டா! ஒனக்கு எதிரா யாரு, அவன் பலம் என்ன, நீ எப்படிச் சமாளிப்பே. நீ ஒருத்தன்தான் இந்த பம்பாயிலே குடல் விக்கப் போறியோ? கமிட்டி மொதல்ல அதைத்தான் கேக்கும். எழுதிண்டு வா."

வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். சாயங்காலம் கேம்ப் முக்கில் இருக்கும் டீக்கடைக்கு அத்தானை அழைத்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் எதையும் முதலில் தமிழில் எழுதி அவருக்குப் படித்துக் காட்டுவேன். தாளின் தலையில் பெரிதாகப் போட்டி என்று எழுதினேன்.

"அத்தான், போட்டியப் பத்தி எழுதணுமாம். நமக்குப் போட்டி சேட்டுதான?"

"சேட்டுதான். தேவ்நார்ல போட்டின்னா சேட்டு, சேட்டுன்னா போட்டி. அல்லாம் அவன் கைல கீது."

"அத எப்படிச் சமாளிக்கப் போறோம்?"

"அது இன்னா பெரிய வேலையா?" அத்தான் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "ரெண்டு முனையும் இஸ்து இறுக்கிக் கட்டு. கெணத்தாண்ட கொண்டு போ. கத்தி வெச்சி நீட்டுக்கு ஒரே கீறு. உள்ள கீற அசிங்கம் அல்லாம் வெளிய. அப்பால கொதிக்கிற தண்ணில முக்கு. தோலு தானா வயண்டுகினு வரும்."

அவர் குடலைப் பற்றிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் செய்முறை என்ற பகுதி என் அறிக்கையில் நோஞ்சானாக இருந்தது; வந்த சரக்கை ஏன் விட வேண்டும்? வேகமாக எழுதி, எனக்கே உரிய குரலில், டீக்கடைக்குப் பொதுவாகப் படித்தேன்:

"'போட்டியின் இரு முனைகளையும் இறுகக் கட்டி, கிணற்றருகே கொண்டு சென்று, கூரிய கத்தியால் நீளவாக்கில் கீறி, உள்ளிருப்பவற்றை அகற்றி, கொதிநீரில் அமிழ்த்தித் தோலை உரிக்க வேண்டும்.' எப்படி இருக்கு?"

"பேஷா கீது. உப்பு வுட்டுட்டியே. வாடை வராம இருக்கணும்னா உப்பு ஓணும்."

"'வாடை வெளியே தெரியாதிருக்க உப்பிட வேண்டும்.' மழைக்கு முன்னால முடிச்சிரணும் அத்தான். கவர்மெண்ட் பணம் வந்ததும் இறங்கிர வேண்டியதுதான்."

"கவர்மெண்டே துட்டு குடுத்து செய்யச் சொல்லுது பாரேன்!" என்று அத்தான் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

பின் பெஞ்சிலிருந்து கொக்கிக்காரர் எழுந்தார். அவர் அங்கே இருந்ததையே அப்போதுதான் கவனித்தேன். அவருடைய டீ பாதி கிளாஸில் இருந்தது. மரியாதைக்குக் கேட்டேன்:

"என்ன அண்ணாச்சி, டீய வச்சிட்டுப் போறிய?"

என் முகத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க குடிங்கலே. குடிக்க முடியும்போதே குடிச்சிக்கிடுங்க."

அவர் திருநெல்வேலிக்காரர் என்பதும், தேவ்நாரில் எல்லாரும் அவரிடம் இந்தியில்தான் பேசுவார்கள் என்பதும், குடலுக்குப் போட்டி என்று ஒரு பெயர் இருப்பதை அவர் வாழ்நாளில் கேட்டிருக்க வழியில்லை என்பதும் எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. எழுதியது நன்றாக வந்திருக்கிறது என்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

மறுநாள் அறுப்பு இல்லாத நாள். உச்சி வெயில். வாசலில் பம்ப் ஸ்டவ் இரைந்துகொண்டிருந்தது. பெரிய தேக்சாவில் அக்கா குடல் வேகவைத்தாள். நான் உள்ளே எழுதிக்கொண்டிருந்தேன். அத்தான் படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்.

மூன்று பேரோடு வந்தார் கொக்கிக்காரர். ஒன்றும் கேட்கவில்லை. அத்தானின் சட்டைக் காலரைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தார்கள். கொக்கி மேலே போனதைப் பார்த்தேன். இந்தத் தடவை மழுங்கிய பக்கம் இல்லை. அத்தான் தலையை மறைக்கக் கையைத் தூக்கினார். கொக்கி உள்ளங்கையில் இறங்கி மறுபக்கம் முனை தெரிந்தது. தேவ்நாரில் கறியில் இறங்கும்போது கேட்கும் அதே சத்தம். நான் பாய்ந்தேன். எவனோ ஒருவனின் முழங்கை என் வாயில் இடித்தது. முன்பல் ஒன்று பாதியாக நாக்கில் கிடந்தது. கீழே தள்ளி விலாவில் மிதித்தார்கள்.

"கட்டி, கெணத்துப் பக்கம் கொண்டு போயி, நீளவாக்குல கீறுவியளாலே?" கொக்கிக்காரரின் குரல் உடைந்தது. "எங்க சேட்டயா? உப்பு வேற போடுவியளோ, வாடை வராம?"

மண்ணில் கவிழ்ந்து கிடந்தபடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சிரிப்பு வந்தது. சிரித்ததும் ரத்தம் குமிழியிட்டது.

"அண்ணாச்சி! அது சேட்டு இல்ல! போட்டின்னா குடலு! குடலச் சொன்னோம்!"

"குடலயும் உருவுவியோ?" இன்னும் ஒரு மிதி.

அக்கா தேக்சாவை இரண்டு கையாலும் தூக்கினாள். கைத்துணிகூட எடுக்கவில்லை. வீசினாள். கொதிநீர் கொக்கிக்காரரின் தொடையிலும் இன்னொருவனின் பாதத்திலும் விழுந்தது. இருவரும் ஒரே நேரத்தில் அலறினார்கள். வெந்த குடல் ஒரு முழம் கொக்கிக்காரரின் தோளில் துண்டு மாதிரித் தொங்கியது.

"இதாம்லே போட்டி! நல்லாப் பாரு! கட்டிக்கிட்டவன் ஊர்ல இதுக்கு இதாம்லே பேரு, கூறுகெட்ட மூதி!"

எல்லாரும் நின்றார்கள். கொக்கிக்காரர் தோளிலிருந்ததை இரண்டு விரலால் எடுத்து, வலியில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டே பார்த்தார்.

"இது குடல்லா?"

"பின்ன? உங்க சேட்டு மீசையா?"

அவருடைய ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அவருக்குமே உதடு துடித்தது. அந்த ஒரு நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கலாம். ஆனால் நான் சும்மா இருப்பவனா? கையூன்றி எழுந்து, கசங்கிய தாளை நீட்டி, அறிக்கையைச் சுருக்கமாக விளக்கினேன்.

"யாரயும் கொல்லதுக்கில்ல அண்ணாச்சி. தேவ்நார்ல ஒரு கொட்டகை எடுத்து, குடலக் கழுவி, நாங்களே வண்டி வச்சு விக்கப் போறோம். அவ்வளவுதான்."

சிரிப்பு நின்றது.

"நீங்களேன்னா? சேட்டு இல்லாமயா?"

"ஆமா."

அவர் தாளை வாங்கி நான்காகக் கிழித்தார். "லே, சேட்டக் கொல்லணும்னு இந்த ஊர்ல எத்தனையோ பேரு சொல்லுதான். எவன் செய்யுதான்? அப்படிச் சொல்லியிருந்தா இத்தோட விட்டுட்டுப் போயிருப்பேன். நீ கடை போடுதேன்னு சொல்லுத. எழுதியே வச்சிருக்க."

முதல் அடி கோபத்தில் விழுந்தது. இரண்டாவது அடி வேலையாக விழுந்தது. அவசரமே இல்லை. எலும்பில் படும்படி, சத்தம் குறைவாக, ஒருவன் பிடிக்க ஒருவன் அடித்தான். அக்காவைச் சுவரோடு சாய்த்துக் கழுத்தில் கை வைத்திருந்தார்கள். அத்தான் கொக்கி இறங்கிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு, மறுகையால் ஒருவனின் காலைப் பிடித்துக் கடித்தார்.

அப்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. நெற்றிக்கட்டோடு மதினி. கையில் ஹண்டா. அக்காவின் கழுத்தைப் பிடித்திருந்தவனின் பிடரியில் அதைப் போட்டாள்.

"அவ மண்டைய நான்தாம்லே ஒடைக்கணும்! நீ யாருலே நடுவுல?"

அதற்குப் பிறகு வரிசையே இறங்கியது. விறகு, துடைப்பம், ஒரு சைக்கிள் பம்ப்கூடப் பார்த்தேன். கொக்கிக்காரர் நொண்டிக்கொண்டு போனார். முக்கில் திரும்பி, "தேவ்நார் கேட்டுப் பக்கம் எவன் வந்தாலும் அடுத்த கையும் போவும்" என்றார். கொக்கியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

முனிசிபல் ஆஸ்பத்திரியில் அத்தானின் கையைத் தைத்தார்கள். ஆறும்வரை கத்தி பிடிக்கக் கூடாது, உப்புத் தண்ணீர் கூடவே கூடாது என்றார்கள். சேட்டிடம் அத்தான் பார்த்த வேலையும் போய்விட்டது. இனி அவருக்கு இருந்தது அந்தக் கொட்டகை ஒன்றுதான், அதுவும் இன்னும் அவருடையது இல்லை. கட்டிலில் படுத்தபடி கேட்டார்:

"எயுதினது அல்லாம் கியிச்சிட்டானா மச்சான்?"

"மனசுல இருக்கு."

"அப்ப வுடாத."

தட்டச்சு நிலையத்தில் உட்கார்ந்தேன். விலா வலிக்க வலிக்க அடித்தேன். இந்த முறை போட்டி என்ற பகுதிக்கு யாரையும் கேட்கத் தேவை இருக்கவில்லை. எதிராளி யார், அவன் பலம் என்ன: வாசல், கைவண்டிகள், ஆட்கள், இரும்புக் கொக்கி. எந்தக் கையில், எப்படி இறங்கியது. எல்லாம் எழுதினேன்.

அதிகாரி என் பல்லைப் பார்த்தார், பிறகு அந்தப் பக்கத்தைப் படித்தார். நீண்ட நேரம் படித்தார்.

"இதைக் கமிட்டி முன்னாடி வெச்சா அத்தனை பேரும் மேஜைக்கு அடியிலே போய் உக்காந்துப்பா." பென்சிலை எடுத்து அந்தப் பக்கம் முழுவதையும் குறுக்கே அடித்தார். ஓரத்தில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி எழுதினார். மூலப்பொருள் வருவதில் தடங்கல் ஏற்படக்கூடும்.

"சார், எங்க அத்தானுக்குக் கை ஓட்டையாப் போச்சு."

"தெரியறதுடா. அதுக்கு ஆபீஸ்லே இதாக்கும் பேர்." டப்பாவை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். "சும்மா முறைக்காதே. தடங்கல்னு எழுதினா மாத்து வழி எழுதணும். சரக்கு வேற எங்கேர்ந்து வரும்? கறிக்கடைக்காரா நாலு பேர், நாங்க இவாளுக்குக் குடல் தரோம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, இணைச்சுக் கொண்டா. நான் தள்ளிவிடறேன். சாம்பிள் மாத்திரம் கொண்டு வந்துடாதே."

வாயெல்லாம் வலித்தாலும் அந்தக் கேள்வி நல்ல கேள்வி. இரண்டு நாள் அதையே மென்றேன். ஆடு கறிக்கடைக்காரர் வாங்கியது. தேவ்நாரில் அறுக்கக் கொடுக்கிறார். கறி அவருடைய டெம்போவில் கடைக்கு வருகிறது. குடல் மட்டும் வாசலில் சேட்டின் வண்டிக்குப் போகிறது. ஏன்? கேட்க ஆள் இல்லாததால். குடலும் கறியோடு அதே டெம்போவில் ஏறிவிட்டால் கைவண்டிக்கு என்ன பேச்சு?

சீத்தா கேம்பில் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்களின் கறிக்கடைகள் இருக்கின்றன. போனேன். மூன்று பேர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான்காவது கடைக்காரர் வெட்டுக்கட்டையில் எலும்பைத் தறித்துக்கொண்டே கேட்டார். நிமிரவில்லை.

"ஓய், யோசனையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. என் ஆட்டுக் கொடல நான் என் வண்டியில ஏத்துததுக்கு எவன் என்ன கேக்கது? ஆனா கேப்பான். வாசல்ல வண்டிய மறிச்சா யாரு நிப்பா? நீரு நிப்பீரோ?"

"நிப்பேன், பாய்."

"பல்லு இன்னும் எத்தன பாக்கி இருக்கு?"

"நெறைய இருக்கு."

கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஒரு நாளு கொடலு என் கட வாசல்ல வந்து எறங்கட்டும். அன்னிக்கே கையெழுத்துப் போடுதேன். மத்தவனுவளயும் நானே கூட்டியாந்து போடச் சொல்லுதேன். எறங்கலன்னா, இந்தப் பக்கம் வரப்படாது."

நாளைக் காலை அவருடைய டெம்போ தேவ்நாரிலிருந்து கிளம்புகிறது. குடல் பீப்பாய்களின் மேல் நான் உட்காரப் போகிறேன். அத்தான் வருகிறேன் என்றார். கட்டுப் போட்ட கையோடு வேண்டாம் என்றேன். ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து வழியாவது பார்க்கிறேன் என்கிறார். கொக்கிக்காரர் நொண்டிக்கொண்டே வேலைக்கு வந்துவிட்டாராம், வாசலில்தான் நிற்கிறாராம். கையெழுத்துக்கு இடம் விட்டுத் தாள் அடித்துச் சட்டைக்குள் செருகியிருக்கிறேன். பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறேன், தண்ணீரோ ரத்தமோ பட்டால் எழுத்து ஊறக் கூடாது.

அக்கா, ஒரு பக்கம் சப்பையாகிப்போன பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டேன்.

"வழியில தண்ணி குடிக்கதுக்கு" என்றாள்.

எதிர்வீட்டு வாசலில் மதினியும் ஹண்டாவைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். அவளுக்கும் வழியில் தாகம் எடுக்குமாம்.